பதினைந்து ஆம்பியர் பிளக்

பெட்ரோல் விலை மூன்றாவது முறை ஏறிய மாதம், வாரா வாரம் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவன் இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று முடிவு செய்தான். அதைப் போனில் சொல்ல அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. மகள் யோசிக்கவே இல்லை.

"பரவாயில்லப்பா. எனக்கும் டெஸ்ட் நிறைய இருக்கு."

அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்குப் பட்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. நகரத்தில் பதினாறு கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. நாள் முழுக்க யார் யாரையோ அவரவர் வீட்டுக்குப் பத்திரமாக ஏற்றி அனுப்பிவிட்டு, சாயங்காலம் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தன் ஒற்றை அறைக்குப் படியேறுவான். விவாகரத்தாகி நாலு வருடம். அவளை மனைவி என்று சொல்ல முடியாது, முன்னாள் மனைவி என்று சொல்ல வாய் வராது. யாராவது கேட்டால் "பொண்ணோட அம்மா" என்பான்.

பெண்ணும் பெண்ணின் அம்மாவும் நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்தார்கள். அம்மாவுக்கு அங்கே கண் ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டரில் வேலை. மகள் ஒன்பதாவது படித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அப்பா வந்து பார்க்கலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் போக வர ஐந்து மணி நேரம் ஓட்டுவான். மகளை ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போவான், பூங்காவில் ஒரு சுற்று நடப்பான். ஸ்கூல் எப்படிப் போகுது என்பான். நல்லா போகுதுப்பா என்பாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் இருவருக்கும் பேச்சு வரும்.

பஸ்ஸிலும் ஒருமுறை போய்ப் பார்த்தான். மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். கேட்டருகில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பினான்.

அவனோடு வேலை பார்க்கிற மூத்தவர் ஒருவருக்கு மைலேஜ் அண்ணன் என்று பெயர். யார் எந்த வண்டி வாங்கினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்குது?" இவன் தன் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுப்பதாகச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. யாருக்கோ காய்ச்சல் என்று கேட்டதைப் போல ஆகிவிட்டார்.

"மேல கேரியர் எதுக்கு மாட்டி வெச்சிருக்கே? என்ன ஏத்தப் போறே?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே. அப்பல்லாம் குடும்பத்தோட ஊருக்குப் போறப்ப மாட்டினது."

"கழட்டு. காத்துல இழுக்கும். டயர்ல வாரா வாரம் காத்து பாரு. அறுபதுக்கு மேல மிதிக்காத. ஏசியைத் தொடாத."

எல்லாவற்றையும் செய்தான். அறுபதில் போனதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போயின. ஒருமுறை ஒரு டிரைவர் பக்கத்தில் வந்து, வண்டியில் ஏதாவது கோளாறா என்று அக்கறையாக விசாரித்தார். பன்னிரண்டு பதினாலானது. அதற்குள் விலை நாலாவது முறை ஏறிவிட்டது.

கேஸுக்கு மாற்றிவிடலாமா என்று ஒர்க் ஷாப்பில் கேட்டான். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"கிட் போடுற செலவுல பாதிகூட உங்க இன்ஜின் பெறாது. அதுவும் போக, நீங்க போற ரோட்ல கேஸ் பங்க் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை அங்க வரிசையில நிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். நான் போட்டுத் தர்றேன், எனக்குக் காசு. உங்களுக்கு வேணாம்."

அப்படித்தான் பேட்டரி கார் வந்தது. பெரிய வண்டி வாங்கப்போன ஒரு பல் டாக்டர் தன் பழைய சின்னக் காரை விற்றார். சேமிப்பில் இருந்ததைத் துடைத்து, பெட்ரோல் காரையும் கொடுத்து அதை வாங்கினான். புதிதாக இருந்தபோது முழு சார்ஜில் இருநூறு போகுமாம். இப்போது நூற்று நாற்பது. வேலையிடத்துக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினான். செலவு பெட்ரோலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மைலேஜ் அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்துப் பூரித்துவிட்டு, பிறகு தலையைச் சொறிந்தார்.

"நூத்தி இருபத்தெட்டு கிலோமீட்டர் போயிடுவே, சரி. திரும்பி எப்படி வருவே?"

வழியில் சார்ஜிங் ஸ்டேஷன் ஒன்று இருந்தது. போன வருடமே 'பழுது' என்று அட்டை மாட்டியவர்கள் இன்னும் கழற்றவில்லை. அந்த ஊரில் ஸ்டேஷன் எதுவும் கிடையாது. ஊரில் அவனுக்குத் தெரிந்த வீடும் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு மகளின் அம்மாவுக்குப் போன் செய்தான். பிரிந்த பிறகு அவர்களுக்குள் ஒரு மரியாதை வந்திருந்தது. பதினோரு வருடம் 'நீ' என்று கூப்பிட்டவளை அவன் இப்போது 'நீங்க' என்றான். அவளோ 'என்னங்க' என்பதை விட்டுவிட்டாள். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

"ஒரு உதவி கேக்கணும்."

"சொல்லுங்க."

"காரை மாத்திட்டேன். பேட்டரி வண்டி. அங்க வந்து சார்ஜ் போட்டாத்தான் திரும்பி வர முடியும்."

"சரி."

"உங்க வீட்ல பதினஞ்சு ஆம்பியர் பிளக் எங்க இருக்கு?"

போனில் பின்னால் எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மகளாக இருக்கும் என்று நினைத்தான்.

"பின்பக்கம், வாஷிங் மெஷின் இருக்கிற இடத்துல. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஏழு மணி நேரம்."

"ஏழா?"

"கரண்டுக்கு ஆகுறதைக் குடுத்துடறேன்."

"அதை விடுங்க. ஞாயித்துக்கிழமைதான் நான் துணி துவைக்கிறது." பிறகு அவளே, "சரி, சனிக்கிழமை துவைச்சுக்கறேன். வாங்க."

முதல் ஞாயிறு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தான். பேட்டரியில் ஒன்பது சதவீதம் மிச்சம். கடைசி இருபது கிலோமீட்டர் முழுக்க ரோட்டை விட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்த்திருந்தான். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் காரை விட்டான். பின்பக்கம் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம், துணிக் கொடி, தகரக் கூரைக்கடியில் வாஷிங் மெஷின். நாலு வருடத்தில் அந்த வீட்டின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

மகளின் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து மெஷின் பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

"தொடாத. கை ஈரம்."

சொன்ன பிறகுதான் அந்தப் பழைய 'தொடாத' இருவருக்கும் காதில் விழுந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் டெஸ்டரை எடுக்கிற சாக்கில் காருக்குத் திரும்பினான்.

பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் ஒயரே இணைக்கவில்லை.

"மெஷினைத் தொட்டா ஷாக் அடிக்கலையா?"

"சுள்ளுனு இருக்கும். பழகிப்போச்சு."

அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எர்த் கம்பியை இழுத்து, ஸ்விட்ச் போர்டையே புதிதாக மாற்றி மாட்டினான். அதற்கான சாமான் எல்லாம் அவன் வேலைப் பையில் இருந்தது. அதன் பிறகுதான் கார் கேபிளைச் சொருகினான். நடுவில் தொங்கிய கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு மின்ன ஆரம்பித்தது. மகளின் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு டம்ளர் டீயும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணி ஆனது. வழக்கமாக அவன் கிளம்புகிற நேரம். மகள் எழுந்து நின்றாள், அவனும் எழுந்தான், இருவரும் காரைப் பார்த்தார்கள். முப்பது சதவீதம்கூட ஏறவில்லை.

"இன்னும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றான், ஏதோ தப்பு செய்தவன் மாதிரி.

"இருங்கப்பா. நான் ஹோம் ஒர்க் பண்றேன்."

அவள் பின்கட்டுப் படியில் நோட்டை விரித்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அவள் யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பாள் என்பதும், கணக்கு தப்பானால் தனக்குத்தானே "லூசு" என்று சொல்லிக்கொள்வாள் என்பதும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மறுபடியும் வாரா வாரம் போனான். எழுபது சதவீதம் ஏறும் நேரம் மகள் மத்தியானக் குட்டித் தூக்கம் போடப் போவாள் என்று தெரிந்தது. பல் தேய்க்கும்போது பாடுவாள், கீரை என்றால் முகத்தைச் சுளிப்பாள், போனில் தோழிகளோடு பேசும்போது மட்டும் வேறு குரலில் சிரிப்பாள். ஜூஸ் கடையில் நாலு வருடமாகக் கேள்வி கேட்டு அவன் தெரிந்துகொண்டதைவிட இது அதிகம். சாப்பாட்டுத் தட்டு முற்றத்துக்கு வரும். உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. சமையலறையில் அம்மாவும் மகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன என்று எழுந்து போய்க் கேட்க முடியாது. சாதத்தைப் பிசைந்தபடி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்த நேரங்களில் மூன்றாவது மாடி அறையே பரவாயில்லை என்றுகூடத் தோன்றும். அங்கே சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்காது.

கிளம்பும்போது கரண்டுக்கான பணத்தைக் கவரில் போட்டு மெஷின் மேல் வைப்பான். அவள் எடுத்துக்கொள்வாள். ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வரக் கூச்சமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு அவன் காருக்குள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டு லேசாகக் கண் திறந்தான். மகள் பூனை நடையில் வந்து பிளக் பக்கம் நின்றாள். காரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் அசையாமல் படுத்திருந்தான். முக்கால் மணி நேரம் கழித்து அவளே வந்து போட்டுவிட்டுப் போனாள். அன்று கிளம்ப ஐந்தரை மணி ஆனது.

"கரண்டு போயிடுச்சு போல" என்றான்.

"ஆமாப்பா. இங்க அடிக்கடி போகும்" என்றாள் மகள்.

மழைக்காலம் தொடங்கும் சமயம் அந்த ஊரில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் திறந்தார்கள். போன் ஆப்பில் புதிய பச்சைப் புள்ளியாக அது வந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் முழுதாக ஏறும் வேகமான சார்ஜர். அவன் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டான். மைலேஜ் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மார்க்கெட் வழியாகப் போகாமல் சுற்றுப்பாதையில் போனான். அதில் மூன்று கிலோமீட்டர் கூடுதல். ஏழு சதவீதத்தில் போய்ச் சேர்ந்தான்.

ஒன்பது வாரம் அப்படியே ஓடியது. பத்தாவது வாரம், மகள் குளிக்கப் போயிருந்தபோது, மகளின் அம்மா கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"மார்க்கெட் பின்னாடி சார்ஜ் போடுற இடம் வந்திருக்கு."

"ம்."

"வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

அவன் கேபிளைக் கையில் சுற்றினான், பிரித்தான். "இன்னிக்கு ஏன் சொல்றீங்க?"

அவள் துணிகளைக் கூடையில் வைத்துவிட்டு மெஷின் மேல் கை ஊன்றி நின்றாள். "எங்க ஆஸ்பத்திரி மருந்துக் கடையில ஒருத்தர் இருக்காரு. சம்சாரம் இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அடுத்த வாரத்துல இருந்து ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. பொண்ணோட பழகட்டும்னு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. இப்ப பரவாயில்ல." கூடையிலிருந்த துணியைச் சரிசெய்தாள். "அவர் உள்ள உக்காந்திருக்கப்ப நீங்க இங்க முற்றத்துல உக்காந்திருந்தா நல்லா இருக்காது. யாருக்குமே நல்லா இருக்காது."

"புரியுது."

"ரெண்டு மணி நேரம்னு இனி கணக்கு வேணாம். காலையில வந்து கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் கொண்டுவந்து விடுங்க. அவர் மத்தியானத்துக்கு மேல வந்து, அவ வந்த பிறகு பாத்துட்டுப் போகட்டும்."

நியாயமாகத்தான் பேசினாள். இதற்கு முன்பும் அவள் நியாயமில்லாமல் பேசியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"நல்லவரா?"

"நல்லவர்தான். அதிகம் பேச மாட்டார்."

"நானும் அப்படித்தானே இருந்தேன்."

"நீங்க பேசவே மாட்டீங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று தொண்ணூற்றாறு சதவீதம் ஏறும்வரை அவன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். போகும்போது கவரை மெஷின் மேல் வைத்தான்.

அடுத்த ஞாயிறு மகளை வாசலில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் பின்னால் போனான். தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு சார்ஜர்கள். ஒன்றின் கேபிளைக் காரில் சொருகினான். திரையில் எண் மளமளவென்று ஏறியது. மகள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். சாயங்காலம் வரை நேரம் கிடந்தது. எங்கே போகலாம் என்று அவன் கேட்டான். நீங்க சொல்லுங்க என்றாள். ஜூஸ் கடையைத் தவிர அவனுக்கும் எதுவும் தோன்றவில்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்தபோது பேசாமல் இருக்க முடிந்தது. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தால் எதையாவது பேசியாக வேண்டியிருந்தது.

"இந்த இடம் வந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும். ஸ்கூல் போற வழிதான்."

இருவரும் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒருவர் ஜன்னல் பக்கம் வந்தார். கோழிக் கடைக்காரர், ஏப்ரனோடு இருந்தார். இந்த மாதிரி வண்டி வாங்கலாம் என்று யோசனை, உண்மையிலேயே மிச்சமாகுமா என்று கேட்டார். அவன் இறங்கி நின்று சொல்ல ஆரம்பித்தான். யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னான். எழுபதில் போனால் எவ்வளவு குறையும், ஏறுமுகமான ரோட்டில் எவ்வளவு குடிக்கும், இறக்கத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று விளக்கினான். பழைய பேட்டரி வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் சொன்னான். தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவருக்கு இதைவிட நல்லது கிடையாது என்றான். "வழியில நின்னுடுமோங்கிற பயம் மட்டும் போகவே போகாது. அதை மறைக்கக் கூடாது." கோழிக் கடைக்காரர் கால் மணி நேரம் கேட்டுவிட்டுக் கும்பிடு போட்டுப் போனார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இவ்வளவு பேசுவீங்களாப்பா?"

"வண்டியைப் பத்தினா பேசுவேன்."

"அப்ப வண்டியைப் பத்தியே பேசுங்க" என்றாள்.

பேசினான். லிஃப்டுகளைப் பற்றியும் சொன்னான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை ஒருவர், கதவைத் திறந்ததும் முதலில் தலை சீவிக்கொண்ட கதையைக் கேட்டு அவள் நன்றாகச் சிரித்தாள். ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது கேட்டுக்குள் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. சீட்டின் மேல் ஹெல்மெட்டை ஒழுங்காகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவன் காரைவிட்டு இறங்கவில்லை.

அப்படி நாலைந்து ஞாயிறு போனது. பிறகு பத்தாவதுக்காக மகளை ஞாயிற்றுக்கிழமை டியூஷனில் சேர்த்துவிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை.

"பதினொண்ணே முக்காலுக்கு இடைவேளைப்பா. அரை மணி நேரம். அப்ப வாங்க" என்றாள் போனில். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்காக அவ்வளவு தூரம் வரணுமா?" என்றும் கேட்டாள்.

"பெட்ரோலா செலவாகுது? வர்றேன்" என்றான்.

இப்போதும் போகிறான். மார்க்கெட்டில் சார்ஜ் போட்டுவிட்டு டியூஷன் சென்டருக்கு எதிரில் மரநிழலாகப் பார்த்து நிறுத்திக்கொள்வான். ஏசி போட்டால் திரும்பும்போது சார்ஜ் போதாது என்பதால் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். மணி அடித்ததும் பிள்ளைகள் படிக்கட்டில் இரைச்சலோடு இறங்கி வருவார்கள். சில வாரம் மகள் ஓடிவந்து காரில் ஏறிக்கொள்வாள், அவன் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே யார் யாரோடு சண்டை என்று ஒப்பிப்பாள். சில வாரம் தோழிகளோடு எதிர்ப்பக்கக் கடைக்குப் போய்விடுவாள். போகும்போது காரைப் பார்த்துக் கையைக் காட்டுவாள். அவனும் காட்டுவான். அவர்கள் திரும்பி வந்து படியேறும்வரை இருந்துவிட்டு, அறுபதைத் தாண்டாமல் வீடு திரும்புவான்.